ஏழாம் நம்பர் மூடி

ஏனுங்க தம்பி, வாடகைக்குன்னு போர்டு பாத்துட்டுத்தான நிக்கறீங்க? பெல் அடிக்காதீங்க, உள்ள ஆளில்லீங்க. நாலு மாசமா பூட்டித்தான் கெடக்குது. சாவி எதிர் ஊட்டு ஸ்டெல்லா டீச்சர்கிட்ட இருக்குது. டீச்சர் உழவர் சந்தைக்குப் போயிருக்கறாங்க, சித்த நேரத்துல வந்துருவாங்க. வெயில்ல எதுக்கு நிக்கறீங்க, இப்பிடி வாங்க. ரெண்டு ஊடு தள்ளி நம்ம ஊடுதான். பாத்து, பாத்து! வாசல்ல அந்த மூடி மேல கால் வெச்சுராதீங்க. ஒடையாதுங்க, பயப்படாதீங்க. நம்பருக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கறேன், இன்னும் காயல.

உக்காருங்க. வசந்தாமணி, தம்பிக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டா!

நானுங்க கிட்டுசாமி. இந்த மயிலந்தோட்டம் மூணாவது வீதியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. முப்பது வருசம் மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வெச்சிருந்தேன். இப்பக் கடையைக் கொடுத்தாச்சு, நலச்சங்கத்துக்குச் செயலாளரா இருக்கறேன். பதினோரு வருசமா நாந்தான். வேற யாரும் நிக்கறதில்ல. நீங்க பாக்க வந்தது எங்கக்கா ஊடுங்க. கூடப் பொறந்த அக்கா, மயிலாத்தா.

ஆமா, உங்க மூஞ்சியிலயே தெரியுதுங்க. அக்கா ஊட்டுச் சாவி கூடப் பொறந்தவன்கிட்ட இல்லாம எதிர் ஊட்டு டீச்சர்கிட்ட எதுக்கு இருக்குதுன்னுதான யோசிக்கறீங்க? வர்றவங்க எல்லாருமே அப்பிடித்தான் பாக்கறாங்க. அதைச் சொல்லோணும்னா சாக்கடையிலிருந்துதான் ஆரம்பிக்கோணும். மோரைக் குடிச்சுட்டே கேளுங்க, ஒண்ணும் ஆகாது.

முன்னெல்லாம் இந்த வீதியில ஊட்டுக்கு முன்னால டிச்சு ஓடிட்டிருந்துச்சு. தொறந்த டிச்சு. கொசுன்னா கொசு, அப்பிடியொரு கொசு. பத்து வருசத்துக்கு முன்னால பாதாளச் சாக்கடை வந்துச்சு. வீதியைத் தோண்டிக் குழாய் பதிச்சு, முப்பது முப்பது மீட்டருக்கு ஒரு குழி வெச்சு, மேல காங்க்ரீட்டுல வட்ட மூடி போட்டு, மூடிக்கு மூடி நம்பர் எழுதிட்டுப் போனாங்க. அக்கா ஊட்டு முன்னால ஆறு. என்ற ஊட்டு முன்னால ஏழு. அந்தக் கடைசியில, இஸ்திரிக் கடைக்குப் பக்கத்துல எட்டு. தண்ணி அக்கா ஊட்டுப் பக்கமிருந்து நம்ம ஊட்டைத் தாண்டி அப்பிடியே பம்பிங் ஸ்டேஷனுக்குப் போயிரும். வாட்டம் சூப்பருங்க, நானே நின்னு பாத்தேன்.

ஆனா அக்கா ஊடு பழசு. ரோடு போடறவங்க பழைய தாரைச் சுரண்டாம மேல மேல போட்டுப் போட்டு, அக்கா ஊட்டுக்கு ரோட்டுலிருந்து ரெண்டு படி எறங்கிப் போகோணும்னு ஆகிப்போச்சு. நான் அந்தத் தப்பைப் பண்ணல. கட்டும்போதே நாலடி ஒசரத்துக்கு அஸ்திவாரம் எழுப்பிட்டேன். எந்தத் தண்ணியும் என்ற ஊட்டுக்குள்ள வராது. முன்யோசனை வேணுமுங்க எதுக்கும்.

இந்தத் தைப்பொங்கல் நோம்பி முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். அக்கா காலையில வந்து, "கிட்டு, பாத்ரூம்ல தண்ணி போகமாட்டீங்குதுடா, திரும்பி வருதுடா"ன்னுச்சு. போயிப் பாத்தா, சாமி, சொல்ல முடியாதுங்க. வீதியில இருக்கற அத்தனை ஊட்டுதும் அக்கா ஊட்டுக்குள்ள வந்து நிக்குது. அக்கா பலகாரம் போடறவ. கல்யாணத்துல தட்டு வெப்பாங்க பாருங்க, சீர் பலகாரம், அதிரசம், லட்டு, கை முறுக்கு, அதெல்லாம் அக்கா கைதான். மாமா போனப்பறம் அந்த அடுப்பை வெச்சுத்தான் பையனைப் படிக்க வெச்சு ஓசூர்ல வேலைக்கு அனுப்புச்சு. பலகாரம் போடற ஊட்டுக்குள்ள சாக்கடை வந்தா ஆர்டர் கொடுக்க எவன் வருவான்? வாசல்லயே மூக்கைப் பிடிச்சுட்டுத் திரும்பிருவான். எனக்கு மனசு பொக்குனு போச்சுங்க. என்னைத் தூக்கி வளத்த அக்கா அது.

நான் விடுவனா? உக்காந்து எழுதுனேன். இருவத்தி மூணு மனு. கமிஷனருக்கு, மேயருக்கு, கலெக்டருக்கு, ஒண்ணு டெல்லிக்கே போட்டேன். எல்லாத்துக்கும் நகல் வெச்சிருக்கறேன், போகும்போது காட்டறேன். ‘ஒரு விதவைத் தாயின் கண்ணீர்’னு தலைப்பு. அக்காவுக்குப் படிச்சுக் காட்டுனேன். "நான் எப்படா அழுதேன்?"ன்னு கேட்டுச்சு. அக்காவுக்கு மனு எழுதற நெளிவு சுளிவெல்லாம் தெரியாதுங்க.

அப்பறம் மாநகராட்சி இன்ஜினியர், ஜே.ஈ. ஒருத்தங்க ஸ்கூட்டியில வந்தாங்க. இந்துமதின்னு பேரு, சின்னப் புள்ள. நான் வீதியைக் கூட்டி வெச்சு நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். "ஊரு பூராவும் வரி வாங்கறீங்களே, சாக்கடையைப் பாக்கறதுக்கு ஆளில்லையா"ன்னேன். அந்தப்புள்ள கோவிச்சுக்கவேயில்லை. பையிலிருந்து ஒரு லிஸ்டை எடுத்துச்சு. "சார், இந்த வீதியில நாப்பத்தி ரெண்டு கனெக்‌ஷன். சாக்கடைக் கட்டணம் கட்டறது ரெண்டு ஊடு. அந்தக் கட்டணத்துலதான் சார் பம்பு ஓடற கரண்டு பில்லு, அடைப்பு எடுக்கற ஜெட் வண்டிக்கு டீசல், அதுல வர்றவங்க சம்பளம், எல்லாமே. ஊருக்கே மூணு வண்டிதான் இருக்கு. கட்டற ஏரியாவே பாதி வரிசையில நிக்குது"ன்னுச்சு.

கட்டாததுக்குக் காரணம் இருந்துச்சுங்க. சேவை சரியில்லைன்னா கட்ட மாட்டோம்னு சங்கத்துல முடிவு. நாந்தான் முன்மொழிஞ்சேன். சேவை சரியா இருந்த வருசத்துலயும் கட்டல, அது வேற விசயம். நான் அசரல. "எந்த ரெண்டு ஊடுங்க அது, சங்கத்தை மீறுனது?"ன்னு கேட்டேன். ஒண்ணு ஸ்டெல்லா டீச்சர். இன்னொண்ணு எங்கக்கா. அரை வருசத்துக்கொருக்கா வார்டு ஆபீஸ் போயி வரிசையில நின்னு கட்டிட்டு வந்து, ரசீதையெல்லாம் ஒரு முறுக்கு டின்னுல போட்டு வெச்சிருக்குது. "தண்ணி ஊத்தறமே, போறதுக்குக் கொடுக்க வேண்டாமா"ங்குது. கட்டுன ஊட்டுக்குள்ளதான் சாக்கடை வருது, கட்டாதவன் ஜம்முனு இருக்கறான்னு வீதியில சிரிச்சாங்க. நானுந்தான் கொஞ்சம் சிரிச்சேன்.

எப்பிடியோ அந்தப்புள்ள அக்கா ரசீதையெல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போயி, மேல பேசி, பத்து நாள்ல ஜெட் வண்டியைக் கொண்டுவந்துருச்சு. பாக்கோணுமே அந்த வண்டியை! பெரிய டாங்கு, பொறகால ஓஸ் பைப்பு சுத்தி வெச்சிருக்குது. அதை ஓட்டறது ஆறுச்சாமின்னு ஒருத்தர். பைப்பைக் குழிக்குள்ள விட்டு அழுத்தமா தண்ணி அடிச்சா அது பாட்டுக்கு உள்ள போயி அடைப்பை ஒடைச்சுட்டு வருமுங்க. ஆறாம் குழியில விட்டாரு. கொஞ்ச தூரம் போயி நின்னுக்குச்சு. எட்டாம் குழியிலிருந்து எதுத்து விட்டாரு. அதுவும் வந்து நின்னுக்குச்சு. பைப்பை இழுத்தா முனையில வெள்ளை வெள்ளையா கட்டி ஒட்டிட்டு வருது. எண்ணெய் ஒறைஞ்ச கட்டி.

ஜே.ஈ. அம்மா, "இந்த வீதியில யாராச்சும் சமையல் தொழில் பண்றாங்களா?"ன்னு கேட்டாங்க.

அவ்வளவுதான். வீதியே திரும்பி அக்காவைப் பாத்துச்சு.

அக்கா சொல்லுச்சு, "நான் காஞ்ச எண்ணெய் ஒரு சொட்டு ஊத்துனதில்லைங்க. கேன்ல புடிச்சு வெச்சிருவேன், சோப்புக் கம்பெனிக்காரன் மாசாமாசம் வந்து எடுத்துட்டுப் போவான். கிட்டுவுக்குத் தெரியும். டேய், நீ சொல்லுடா"ன்னு என்னைப் பாத்துச்சு.

எனக்குத் தெரியுமுங்க. கேனைத் தூக்கி வண்டியில வெக்கறதே எத்தனையோ நாள் நாந்தான். ஆனா நான் செயலாளரு. சொந்த அக்கான்னு பரிஞ்சு பேசுனா நாளைக்கு நாலு பேரு நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுவான். அதனால பொதுவா சொன்னேன், "எண்ணெய்னா எல்லாருந்தான் ஜாக்கிரதையா இருக்கோணும்"னு. யாரையும் பேர் சொல்லலீங்க. அப்பறம் சங்கத்துல கூட்டம் போட்டு, அடைப்பு சரியாகற வரைக்கும் வீதியில வணிக ரீதியா பலகாரம் செய்யறதை நிறுத்தி வெக்கச் சொல்லித் தீர்மானம் போட்டாங்க. பதிவேட்டுல நாந்தான் எழுதுனேன். நல்ல தமிழ்ல எழுதியிருக்கறேன். பங்குனி முகூர்த்தத்துக்கு அக்கா கையில ரெண்டு கல்யாண ஆர்டர் இருந்துச்சு. ரெண்டும் போயிருச்சு.

இதுக்கு முன்னால ஊடு பாக்க நாலு பேரு வந்தாங்க தம்பி. நாலு பேருக்கும் மோர் கொடுத்து, கதையை இந்த எடத்துல நிறுத்தீருவேன். எண்ணெய் அடைச்சுச்சு, எடுத்தாச்சு, அக்கா மகன்கூட இருக்கோணும்னு ஆசைப்பட்டுப் போயிருச்சு, அவ்வளவுதான்னு. அதுக்குள்ள டீச்சரும் வந்துருவாங்க. இன்னைக்கு என்னமோ டீச்சரைக் காணோம். உள்ள பாத்திரம் டமார் டமார்னு கேக்குதுங்களா? வசந்தாமணிதான். நான் இந்த எடத்துல நிறுத்துனா அவளுக்கு ஆகாது. சரி, மிச்சத்தையும் சொல்றேன், கேட்டுக்கோங்க.

எண்ணெய் தீர்மானம் போட்டும் தண்ணி வர்றது நிக்கல. பலகாரமே போடாத ஊட்டுக்குள்ள சாக்கடை வந்துட்டே இருந்துச்சு. அந்த இந்துமதிப் புள்ளைக்குச் சந்தேகம். குழாய் பதிச்ச காலத்து வரைபடத்தை எங்கிருந்தோ தோண்டி எடுத்துட்டு மறுபடி வந்துருச்சு. வந்து நடு வீதியில நின்னுட்டு, "ஆறு இருக்கு, எட்டு இருக்கு, ஏழு எங்க?"ன்னு கேட்டுச்சு.

ஏழைக் காணோம்.

எல்லாருந் தேடுனோம். நானும் கூடவே தேடுனனுங்க. ரோடு போடறப்போ தாருக்கடியில போயிருக்கும்னு ஒருத்தர். வரைபடமே தப்புன்னு நான் சொன்னேன். மூடியை எவனோ திருடிட்டான்னும் சொன்னேன். அதுக்கே ஒரு மனு போட்டேன், இருவத்தி நாலாவது. ‘காணாமல் போன ஏழாம் எண் மூடியை மாநகராட்சி உடனடியாகக் கண்டுபிடித்துத் தர வேண்டும்.’

எனக்குத் தெரியாதான்னு கேக்காதீங்க தம்பி. தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது. எட்டு வருசத்துக்கு முன்னால நடந்தது. பொண்ணைப் பாக்க மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வர்றாங்க. பெரிய எடம், கார்ல வர்றாங்க. நல்ல காரியத்துக்கு வர்றவங்க எறங்கற வாசல்ல, கோலம் போடற எடத்துல, சாக்கடை மூடி இருந்தா நல்லாவா இருக்கும்? யாரா இருந்தாலும் மறைக்கத்தான் பாப்பாங்க. வாசல்லிருந்து ரோடு வரைக்கும் சாய்வா ஒரு ராம்ப்பு கட்டி, கருப்புக் கிரானைட் ஒட்டச் சொன்னேன். தங்கப் புள்ளி போட்ட கிரானைட்டு. சூரிய வெளிச்சம் பட்டா மின்னுமுங்க. கொத்தனார், "அண்ணா, மூடி ரெண்டு அங்குலம் தூக்கிட்டு நிக்குது, குழியை ஒசத்தி மூடியை மேல வெச்சுத் தரட்டுமா?"ன்னான். "எதுக்குப்பா, எடுத்துட்டு ஒரு கடப்பாக்கல்லைப் போட்டு மூடீரு, பக்கத்துலதான் இன்னும் ஏழு மூடி இருக்குதே"ன்னேன். ஒரு மூடி இல்லாட்டி என்ன ஆயிரப் போகுதுன்னு நெனச்சேன். மாப்பிள்ளை ஊட்டுல எல்லாரும் வாசலைத்தான் மொதல்ல புகழ்ந்தாங்க. கல்யாணமும் ஜோரா நடந்துச்சு.

அன்னைக்கு ஆறுச்சாமி டேப்பைப் பிடிச்சு ஆறுலிருந்து அளந்துட்டு வர்றாரு. கிரானைட்டை ஒடைச்சா மறுபடி அந்தக் கல்லு கெடைக்காதுங்க, அந்தக் குவாரியே மூடீட்டாங்க. அதனால ஒரு யோசனை சொன்னேன். "எதுக்குங்க இத்தனை சிரமம், ஆறாம் குழியில யாராச்சும் ஒருத்தரை எறக்கிக் கம்பியில தள்ளிவிட்டா முடிஞ்சுது, அவருக்கு உண்டானதை நான் கையிலிருந்து தர்றேன்"னேன். ஜே.ஈ. அம்மா மூஞ்சி செவந்துருச்சு. "ஆளை எறக்கறது குத்தம் சார், இனி அந்தப் பேச்சு பேசுனீங்கன்னா நான் எழுதிக் கொடுத்துருவேன்"னாங்க. ஆறுச்சாமி சத்தம் போடல. "எங்க சித்தப்பா எறங்குனாருங்க. கயிறைப் புடிச்சுட்டு மேல நின்னது நான். கயிறு மட்டுந்தான் வந்துச்சு"ன்னுட்டு மறுபடி அளக்கப் போயிட்டாரு. நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

முப்பது மீட்டர் சரியா என்ற ராம்ப்புக்கு நடுவுல வந்து நின்னுச்சு. ஆறுச்சாமி கடப்பாறையில லேசா தட்டுனாரு. டொம்முனு கேட்டுச்சு. நான், "அது கிரானைட்டுங்க, அப்பிடித்தான் கேக்கும்"னேன். ஜே.ஈ. அம்மா என்னைப் பாக்கறாங்க, வீதி பாக்குது, அக்கா அது ஊட்டுப் படியில நின்னு பாக்குது. அப்பத்தான் வசந்தாமணி வெளிய வந்தா. இடுப்புல சொருகுன சேலையோட வந்து நின்னு, "அங்கதானுங்க இருக்குது. எட்டு வருசமா அது மேலதான் நான் கோலம் போடறேன்"னுட்டா.

கட்டுன பொண்டாட்டி தம்பி!

அதோட விட்டாளா? உள்ள போறவ திரும்பி நின்னு, "மூடியும் இருக்குதுங்க. பொறகால துணி தொவைக்கறது அது மேலதான்"னா. ரெண்டு பேரு போயி உருட்டிட்டு வந்தாங்க. நம்பர் ஏழு, அழியவேயில்லை. நல்ல காங்க்ரீட்டுதான் போட்டிருக்கறாங்க, சும்மா சொல்லக்கூடாது.

ஒடைச்சாங்க. கடப்பாக்கல்லைத் தூக்கிட்டு, நீளக் கொக்கியை விட்டு ஆறுச்சாமி மேல நின்னபடியே ஒண்ணொண்ணா எடுத்தாரு. சிமெண்ட்டுக் கட்டி, ரெண்டு செங்கல்லு. அப்பறம் குழாய் வாயில குறுக்கா சிக்கியிருந்த ஒரு பலகைக் கல்லு. அதுலதான் எட்டு வருசத்து எண்ணெயும் முடியும் துணியும் கண்டதும் சேந்து அடைச்சிருக்குது. நாப்பத்தி ரெண்டு ஊட்டு எண்ணெயிங்க, தாளிக்காத ஊடு எங்கிருக்குது? ஆறுச்சாமி அந்தப் பலகைக் கல்லு மேல ஒரு வாளி தண்ணியை ஊத்துனாரு. கருப்பு. தங்கப் புள்ளி. வெயில்ல மின்னுச்சு.

அக்கா நடந்து வந்து பக்கத்துல நின்னு பாத்துச்சு. கல்லைப் பாத்துச்சு, என்ற வாசலைப் பாத்துச்சு. "கல்லு நல்ல கல்லுதான்டா கிட்டு"ன்னுச்சு. சொல்லிட்டு ஊட்டுக்குள்ள போயிருச்சு. அதே நேரத்துல குழிக்குள்ள தண்ணி மடமடன்னு எறங்குச்சு பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குது.

சண்டை போட்டிருந்தாக்கூட பரவால்லீங்க. சின்னதுல நான் எதாச்சும் பண்ணுனா முதுகுல நாலு வெச்சுட்டு, சாயங்காலம் கூப்பிட்டு உக்கார வெச்சு அதிரசம் கொடுக்கும். இந்தத் தடவை திட்டவேயில்லை. பத்து நாள் கழிச்சு மகன் கதிரேசன் காரைக் கொண்டுவந்தான். பெட்டியை ஏத்துனாங்க. நான் வாசல்ல நிக்கறேன், சாவியை வாங்கிக்கறதுக்குக் கையைக்கூட நீட்டிட்டேன். அக்கா என்னைத் தாண்டிப் போயி டீச்சர் கையில கொடுத்துட்டுக் கார்ல ஏறிருச்சு. அன்னையிலிருந்து நான் போன் பண்ணுனா எடுக்கறதில்லை. அக்கா எடுக்காம இருந்ததே இல்லீங்க.

எனக்கு இதுதான் வெளங்கலீங்க தம்பி. சாக்கடை வந்தப்போ ரெண்டு மாசம் பினாயில் ஊத்திக் கழுவிக் கழுவி அந்த ஊட்டுலயே கெடந்துச்சு. எல்லாம் சரியாகி, நாத்தமில்லாம, தண்ணி ஜம்முனு போறப்போ ஊட்டை உட்டுட்டுப் போகுது. நீங்களே சொல்லுங்க, என்ன ஞாயம்?

நான் என்ன பண்ணல? ராம்ப்பு மொத்தத்தையும் எடுத்துட்டேன். பாத்தீங்கல்ல, வாசல்ல மூடி பளிச்சுனு இருக்குது. காரை முக்குல நிறுத்தறேன், ஆட்டோக்காரன் ஒருத்தன் கோடு கிழிச்சுட்டுப் போயிட்டான், பரவால்லைன்னு விட்டுட்டேன். வசந்தாமணி இப்ப மூடியைச் சுத்திக் கோலம் போடறா, அதுவும் ஒரு அழகாத்தான் இருக்குது. பத்து வருசத்துக் கட்டணத்தையும் ஒரே தவணையில கட்டிட்டேன். வீதியில ஊடு ஊடா போயி முப்பத்தெட்டு பேரைக் கட்ட வெச்சாச்சு. கட்டாம வண்டி எங்கிருந்து வரும், பம்பு எதுல ஓடும்? நான் அப்பவே சொன்னதுதான், யாரும் கேக்கல. இந்துமதிப் புள்ள போன வாரம் வந்து, மத்த வீதிக்கெல்லாம் உங்களைத்தான் சார் உதாரணம் சொல்றேன்னுச்சு. என்ன உதாரணம்னு சொல்லல.

என்ன வசந்தாமணி? ... ஒண்ணுமில்ல தம்பி, கதவுக்குப் பின்னாலிருந்து அவ கேக்கறா, நோட்டுல இருக்கறதை அடிச்சாச்சான்னு. அந்தத் தீர்மானம். பலகாரம் போட்டு எண்ணெய் அடைச்சதுன்னு நான் எழுதுனது. தெனமும் இதே கேள்விதான். பதிவேட்டுல எழுதுனதை அப்பிடிச் சட்டுனு அடிக்க முடியுங்களா? கூட்டம் கூட்டோணும், எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு நின்னு காரணம் சொல்லோணும். சொல்லோணும். சொல்றதுல ஒண்ணுமில்ல. இந்த மாசக் கூட்டம் ஆகட்டும்னு பாத்தேன், போன மாசமும் அப்பிடித்தான் பாத்தேன்.

அட, டீச்சர் வந்துட்டாங்க. டீச்சர்! ஊடு பாக்க வந்திருக்கறாங்க! ... பையை வெச்சுட்டு சாவி எடுத்துட்டு வர்றாங்களாமா. ஊட்டுல குறை சொல்ல முடியாதுங்க. ரெண்டு ரூமு, பெரிய சமையல்கட்டு, வெளிச்சமா இருக்கும். ஒண்ணு மட்டும் சொல்றேன், பதினோரு மாசத்துக்கு அக்ரிமெண்ட் போடாதீங்க. மாசாமாசம்னு பேசிக்கோங்க. எதுக்கா? அக்கா எப்ப வேணாலும் திரும்பி வரும், அப்ப உங்களுக்குச் சிரமம் பாருங்க, அதுக்குத்தான்.

வாடகையெல்லாம் அக்காகிட்டத்தான் பேசோணும். நம்பர் போர்டுல இருக்குதே, இங்கிருந்தே அடிங்க. தம்பி, ஸ்பீக்கர்ல போடறீங்களா? நான் பேச மாட்டேன். குரலை மட்டும் கேட்டுக்கறேன். நான் பக்கத்துல இருக்கறேன்னு சொல்லாதீங்க.

அடிக்குது. ... எடுத்துருச்சு. அக்காதான். கேளுங்க, பேசுங்க. ... சளி பிடிச்சிருக்குது போல, குரல் கம்மியிருக்குது. ஓசூர்க் குளிரு அதுக்கு ஆகாது. ... கேட்டீங்களா, என்ன சொல்லுதுன்னு? "கிட்டு உக்கார வெச்சு மோர் கொடுத்திருப்பானே"ங்குது! பாருங்க, எல்லாந் தெரிஞ்சு வெச்சிருக்குது. ... என்ன? என்ன கேக்குது? ஒருக்காச் சொல்லச் சொல்லுங்க.

"சாக்கடைக் கதை சொன்னானா? அடைச்சது என்னன்னு சொன்னான்?"

வந்த நாலு பேருகிட்டயும் இதைத்தான் கேட்டிருக்கும் போல. நாலு பேரும் என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. நாந்தான சொல்லி அனுப்பிச்சேன்.

நீங்க எதுக்கு தம்பி என்னைப் பாக்கறீங்க? சொல்லுங்க, உங்ககிட்டத்தான் முழுசா சொன்னனே, சொல்லுங்க. ... இல்ல, இருங்க. இருங்க. போனை இப்பிடிக் கொடுங்க. வசந்தாமணி, பீரோ மேல அந்த நோட்டு இருக்கும், எடுத்துட்டு வா, பேனாவும் கொண்டா. டீச்சர், நீங்களும் இப்பிடிச் சித்த வாங்க, நாலு பேரு இருந்தா நல்லது.

அக்கா. நாந்தான், கிட்டு. எண்ணெய் இல்லக்கா. நீ ஒரு சொட்டு ஊத்துனதில்ல, எனக்குத் தெரியும், அன்னைக்கே தெரியும். கல்லுக்கா. என்ற வாசக் கல்லு. டீச்சர் கேட்டுட்டு இருக்கறாங்க, ஊடு பாக்க வந்த தம்பியும் கேட்டுட்டு இருக்குது. நாந்தான்க்கா மூடுனேன்.

... சத்தமே இல்லையே. வெச்சுருச்சுங்களா, போனை வாங்கிப் பாருங்க தம்பி, எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது.

வெக்கலைங்களா? ஓடிட்டுத்தான் இருக்குதுங்களா?

சரி, அப்பப் போனை ஆட்டாமப் புடிங்க, நோட்டு வரட்டும். வெக்கல.